மலையேறவும் ஒரு ஜமாஅத் வேண்டும்



தேர்வுகள் முடிந்து பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டதும் நம் இல்லங்களில் பெற்றோருக்குப் புதியதொரு தேர்வு தொடங்கிவிடுகிறது. காலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கோடைக்காலத் தீனிய்யாத் வகுப்பு. அதன் பின் வெயில் தணியும் வரை கைப்பேசி. மாலையில் கடைவீதியில் ஒரு சுற்று. இரவில் மீண்டும் கைப்பேசி. “பையன் வீட்டில்தானே இருக்கிறான்” என்று அத்தாவும் அம்மாவும் ஆறுதல் கொள்கிறார்கள். விடுமுறை முழுவதும் இப்படியே கரைந்துபோவதை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கோவையில் வாழும் நமக்கு இறைவன் அரியதொரு வாய்ப்பை வழங்கியிருக்கிறான். உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நின்று நோக்குங்கள். மேற்கே வெள்ளியங்கிரியும் சிறுவாணி மலைகளும், வடக்கே நீலகிரி, தெற்கே, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், ஆனைமலை. பிழைப்புக்காக இந்நகருக்கு வந்து தலைமுறைகள் பல கடந்தும், அம்மலைகளில் ஒருமுறையேனும் கால் பதிக்காத குடும்பங்கள் நம்மில் எத்தனை எத்தனை!

மறுபுறம், கோவை, திருப்பூர், ஈரோடு போன்ற கொங்கு நாட்டு ஊர்களில் இளைஞர்கள் குழுவாகக் கூடி மலையேறும் வழக்கம் பெருகி வருகிறது. இவ்வழக்கம் உலகுக்குப் புதிதன்று. 1857ஆம் ஆண்டிலேயே இலண்டனில் மலையேறுவோருக்கென ஒரு சங்கம் அமைந்துவிட்டது. நம் நாட்டில் இமயமலைச் சங்கம் 1928இல் தொடங்கப்பெற்றது. இன்று கல்லூரியிலும் பணியிடத்திலும் உள்ள நண்பர்கள் நம் பிள்ளைகளையும் அழைக்கிறார்கள். பிள்ளைகள் ஆசையோடு வந்து கேட்கிறார்கள், நாம் தயங்குகிறோம். தயக்கத்துக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, உயிருக்கு ஆபத்து நேருமோ என்னும் அச்சம். மற்றொன்று, யார் யாரோடு போவார்கள், மார்க்கத்தைப் பேணுவார்களா என்னும் கவலை. இரண்டுமே நியாயமானவை. அவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு என்னோடு ஆனைமலைக்கு வாருங்கள்.

மலையும் நம் மார்க்கமும்

மலை நமக்கு அந்நியமானதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தனித்திருந்து சிந்தித்ததும், முதல் வஹீ இறங்கியதும் ஹிரா மலைக் குகையில்தான். ஹிஜ்ரத்தின்போது அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் மூன்று இரவுகள் தங்கியது தவ்ர் மலைக் குகையில். தாகத்தால் வாடிய பாலகனுக்குத் தண்ணீர் தேடி ஹாஜர் அம்மையார் ஸஃபா, மர்வா என்னும் குன்றுகளுக்கிடையே ஓடிய ஓட்டத்தை, ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் ஆண்களும் பெண்களும் இன்றளவும் நினைவுகூர்ந்து நடக்கிறார்கள். பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைக் கவனிக்குமாறு திருமறை நம்மை ஏவுகிறது. மலைகளை முளைகளாக நாட்டியதையும் அது நினைவூட்டுகிறது.

நம் முன்னோரில் ஒருவர் தமிழகத்துக்கு மிக அருகிலேயே மலையேறிய வரலாறும் உண்டு. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344ஆம் ஆண்டில் மாலத்தீவிலிருந்து இலங்கைக்கு வந்திறங்கினார். ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவடு பதிந்ததாகக் கருதப்படும் சிகரத்தைக் காண விரும்பினார். அது 2,243 மீட்டர் உயரமுள்ளது. அப்பகுதியை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கு தந்தார். துணைக்கு ஆட்களையும் அனுப்பினார். அந்தத் துணைக்குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதை இப்னு பதூதாவே குறித்துவைத்திருக்கிறார். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்து வழி அறிந்த யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், மன்னரின் ஆட்கள் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர். செங்குத்தான பாறைகளில் பிடித்து ஏறுவதற்கு இரும்புச் சங்கிலிகள் தொங்கியதையும் அவர் எழுதியுள்ளார். இறங்கிய பின் கடல் கடந்து தமிழ்க் கரைக்கு வந்து மதுரை சுல்தானைச் சந்தித்தார்.

ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் நடந்த இந்த மலையேற்றத்தில் நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆள்வோரின் அனுமதி இருந்தது. வழி அறிந்த துணை இருந்தது. உணவுக்கு ஏற்பாடு இருந்தது. மாற்றுச் சமயத்தவரோடு சேர்ந்து நடக்கும் மனப்பாங்கும் இருந்தது.

பொள்ளாச்சி வழியே

ஃபஜ்ர் தொழுகையை முடித்துக்கொண்டு உக்கடத்தில் பேருந்து ஏறுங்கள். கிணத்துக்கடவைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் தென்னந்தோப்புகள் தொடங்கிவிடும். மாட்டுச் சந்தைக்கும் வெல்லச் சந்தைக்கும் பெயர்பெற்ற பொள்ளாச்சியில் இறங்கிக் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொள்ளலாம். அங்கிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சேத்துமடை. வனத்துறையின் சோதனைச் சாவடி இங்கேதான். இதுவரை நீங்கள் ஊரில் இருந்தீர்கள். இனி விலங்குகளின் இல்லத்தில் விருந்தினர். விருந்துக்குச் செல்பவர் வீட்டாரின் இசைவின்றி உள்ளே நுழையலாகாது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கமல்லவா?

சேத்துமடையிலிருந்து சாலை வளைந்து வளைந்து மேலேறி டாப்ஸ்லிப்பை அடைகிறது. இந்த ஆங்கிலப் பெயருக்குள் ஒரு வரலாறு புதைந்து கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் இம்மலையின் தேக்கு மரங்களைக் கப்பல் கட்டவும், பின்னாளில் இரயில் பாதைகளுக்காகவும் வெட்டிக் குவித்தார்கள். யானைகள் மரங்களை மலை விளிம்புவரை இழுத்து வரும். அங்கிருந்து அவை சரிவில் சமவெளிக்கு உருட்டிவிடப்படும். மேலிருந்து சறுக்கிவிடும் இடம் என்பதே அப்பெயரின் பொருள். இவ்வாறு வெட்டிக்கொண்டே போனதில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலை மொட்டையாகத் தொடங்கியது.

அந்நிலையில் வன அதிகாரியாக வந்தவர் ஹியூகோ வுட் என்னும் ஆங்கிலேயர். அடிமரத்தைப் பெயர்க்காமல் வெட்டினால் அதிலிருந்து புதுத் துளிர் எழும் என்பதை நடைமுறைப்படுத்தினார். சட்டைப்பை நிறையத் தேக்கு விதைகளைப் போட்டுக்கொண்டு, கைத்தடியால் நிலத்தில் துளையிட்டு, நடக்கும் இடமெல்லாம் விதைத்துச் செல்வார் என்று அங்குள்ளோர் இன்றும் சொல்கிறார்கள். 1933இல் அவர் காலமானார். அவர் விரும்பியவாறே, அவர் வளர்த்த மரங்களுக்கிடையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரது நினைவுச் சின்னத்தைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்த்துக்கொள்ளலாம் என்னும் கருத்துள்ள இலத்தீன் வாசகம் அக்கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்னும் நபிமொழியை வகுப்பில் பலமுறை ஓதிய மாணவர்கள், அந்தத் தேக்குகளின் நிழலில் நிற்கும்போது அதன் பொருளைக் கண்ணால் காண்கிறார்கள்.

ஆனைமலைப் பகுதி 1976இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இம்மலைத் தொடரின் உச்சியான ஆனைமுடி, கேரள எல்லைக்குள் 2,695 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் ஆகிய பழங்குடி மக்களின் தாயகம் இது. டாப்ஸ்லிப்புக்கு அருகே உள்ள கோழிகமுத்தியில் வனத்துறையின் யானைகள் வளர்ப்பு முகாம் உள்ளது. யானையின் காதருகே ஒரு சொல் சொல்லி அதை மண்டியிட வைக்கும் பாகர்கள் பெரும்பாலும் இம்மண்ணின் பழங்குடியினரே. அவர்கள் படித்த பள்ளிக்கூடம் இந்தக் காடுதான்.

பலவீனரின் நடையே குழுவின் நடை

டாப்ஸ்லிப்பிலிருந்து பண்டாரவரை நோக்கிச் செல்லும் நடைபாதை, வனத்துறை வழிகாட்டியோடு செல்லத்தக்கது. சென்ற கோடையில் நாங்கள் சென்ற குழுவில் இருபத்திரண்டு பேர். அவர்களுள் ஒன்பதின்மர் மத்ரஸா மாணவர்கள். ஏனையோர் கல்லூரி மாணவர்களும், பஞ்சாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்றோரும், வணிகர் இருவரும். புறப்படுமுன் மலசர் இனத்து வழிகாட்டி எங்களை வட்டமாக நிற்கவைத்துச் சொன்னவை மூன்றே செய்திகள்: “நான் நின்னா நீங்களும் நிக்கணும். ஏன்னு அப்புறமா கேளுங்க. யாரும் எனக்கு முன்னாடி போகக் கூடாது.”

மத்ரஸா மாணவர் ஒருவர் என் பக்கம் திரும்பி, “ஹஜ்ரத், இமாமுக்கு முந்தக் கூடாது என்பது போலத்தானே?” என்று கேட்டார். ஆம், அது போலத்தான்.

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிகளார் கற்றுத்தந்த ஒழுங்கு. மலையேற்றக் குழுக்களின் நடைமுறை இதை அப்படியே ஒத்திருக்கிறது. வழி அறிந்தவர் முன்னே செல்வார். அனுபவமுள்ள மற்றொருவர் எல்லோருக்கும் கடைசியில் வருவார். தமக்குப் பின்னால் யாரும் விடுபடவில்லை என்பதை உறுதி செய்வதே அவரது கடமை. பெருமானார் (ஸல்) அவர்கள் பயணங்களில் கூட்டத்தின் பின்னே தங்கி, தளர்ந்தவரை முன்செலுத்தி, தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, அவருக்காகத் துஆ செய்வார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கடைசியில் நடப்பது தாழ்ந்த இடமன்று என்பதை இதைக் காட்டிலும் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அடுத்தது வேகம். நடையின் வேகத்தைத் தீர்மானிப்பவர் யார்? திடகாத்திரமான இளைஞர் என்று நாம் நினைப்போம். அனுபவமுள்ள குழுக்களில் அப்படியன்று. மிக மெதுவாக நடப்பவர் எவரோ, அவரது நடையே குழுவின் நடை. உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) அவர்களை ஒரு கூட்டத்துக்கு இமாமாக நியமித்தபோது, அவர்களில் மிகப் பலவீனமானவரைக் கருத்தில் கொண்டு தொழவைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எங்கள் குழுவில் உடல் பருத்த மாணவர் ஒருவர் இருந்தார். முதல் ஏற்றத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டி அவரை அழைத்துத் தமக்கு அடுத்தபடியாக, இரண்டாம் இடத்தில் நடக்கவைத்தார். அதன் பிறகு முழுக் குழுவும் அவரது வேகத்துக்கு அடங்கிவிட்டது. கேலிக்கும் இடமில்லை, பதற்றத்துக்கும் இடமில்லை. உச்சியை அடைந்தபோது முதலில் நின்றவர்களுள் அவரும் ஒருவர்.

மெதுவாக நடப்பவருக்கே காடு தன்னைக் காட்டுகிறது. சோலைக்குள் நுழைந்ததும் வெயில் மறைந்து இலைகளின் ஈரவாசம் மேலெழும். மரக்கிளையில் மலை அணில் தன் நீண்ட வாலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும். கருமந்தியின் குரல் பள்ளத்தாக்கில் எதிரொலிக்கும். தலைக்கு மேல் புகைவண்டி விரைவது போன்ற ஓசை கேட்டால் அண்ணாந்து பாருங்கள். இருவாச்சிப் பறவை சிறகடித்துச் செல்வதன் ஓசை அது. சேற்றில் பதிந்த குளம்படியைக் காட்டி, இது காட்டெருமை, காலையில் போயிருக்கிறது என்பார் வழிகாட்டி. புத்தகத்தில் படித்துப் பட்டம் பெற்ற நாம் அவர் முன்னே மாணவராகி நிற்போம்.

உச்சியில் லுஹர் நேரமாயிற்று. மேற்கு எது என்று கேட்டோம். வழிகாட்டி வானத்தைப் பாராமலே கைகாட்டினார். கிப்லாவைக் கணித்துக்கொண்டு, போத்தல் தண்ணீரில் உளூச் செய்து, பாறையின் மீது அணிவகுத்தோம். பஞ்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற கவுண்டர் ஐயா ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு காட்டுப் பக்கம் திரும்பி நின்றார். “நீங்க தொழுங்க பாய், நான் பாத்துக்கறேனுங்க” என்றார். அச்சமான வேளைகளில் ஒரு பிரிவினர் தொழ, மறு பிரிவினர் காவல் நிற்கும் தொழுகை முறையை நாம் ஃபிக்ஹு நூல்களில் படிக்கிறோம். அன்று எங்களுக்குக் காவல் நின்றவர் அண்டை அயலார். ஸலாம் கொடுத்துத் திரும்பும்வரை அவர் அசையவில்லை.

குரங்கணி சொல்லும் பாடம்

இத்தனையும் படித்த ஒரு தாய், “நல்லதுதான், ஆனால் குரங்கணியை மறக்க முடியுமா?” என்று கேட்பார். மறக்கக் கூடாது.

2018ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் இரண்டு குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று சென்னையிலிருந்து வந்தது. மற்றொன்று நம் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து சென்றது. பெண்கள் பலர் இருந்தனர். காய்ந்து கிடந்த புல்வெளியில் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. நாலாபுறமும் சிதறி ஓடியவர்கள் தீயிலும் பள்ளங்களிலும் சிக்கினர். நம் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் விரைந்தன. அன்றும் பின்னர் மருத்துவமனைகளிலுமாக உயிரிழந்தோர் 23 பேர். பெரும்பாலோர் இளம் வயதினர். அவர்கள் சென்ற பாதைக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று அப்போது அரசு தெரிவித்தது.

மறைந்தவர்களைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர்கள் தம்மை அழைத்துச் சென்றவர்களை நம்பிச் சென்றார்கள். அப்பெற்றோரின் கண்ணீருக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, அதன் காரணங்களை அறிந்துகொள்வதே.

மார்ச் மாதத்தில் மலைப்புல் சருகாகக் காய்ந்திருக்கும். சரிவில் பற்றிய தீ மேல்நோக்கி மிக வேகமாகப் பாயும். அனல் முன்னே சென்று மேலுள்ள புல்லைச் சூடேற்றிவிடுவதே காரணம். மேலே ஓடி அதனிடமிருந்து தப்புவது மனிதனால் ஆகாது. ஆகவேதான் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை தீ அபாயக் காலமாகக் கருதி வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவைக்கிறது. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றங்கள். குரங்கணித் துயரத்துக்குப் பின், அதே ஆண்டிலேயே, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகளும் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகளைத் தேர்ந்து, எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என வகைப்படுத்தி, பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்துத் திறந்துவைத்தது. டாப்ஸ்லிப்–பண்டாரவரை, மானாம்பள்ளி, ஆழியாறு கால்வாய்க் கரை ஆகியவை அவற்றுள் நம் மாவட்டத்துப் பாதைகள். இணையம் வழியே முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கட்டுப்பாடு மீறப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு மலை சாட்சியாக நிற்கிறது. உஹதுப் போரில் குன்றின் மீது ஐம்பது வில்லாளிகள் நிறுத்தப்பட்டார்கள். எந்நிலையிலும் இடம்பெயரக் கூடாது என்பது கட்டளை. வெற்றி கிட்டிவிட்டது என்று எண்ணிப் பெரும்பாலோர் இறங்கினார்கள். தலைவர் அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்கள் தடுத்தும் கேட்கவில்லை. அதன் விளைவை முஸ்லிம் சமுதாயம் முழுவதும் சுமந்தது. “கொஞ்ச தூரம்தானே, ஒரு படம் எடுத்துக்கொண்டு வருகிறேன்” என்று வரிசையை விட்டு விலகும் இளைஞருக்கு இந்த நிகழ்ச்சியை நினைவூட்டுங்கள். 2025 பிப்ரவரியில் வால்பாறை மலைச் சாலையில் யானை நின்றுகொண்டிருந்தபோது இரு சக்கர வண்டியில் கடக்க முயன்ற ஜெர்மானியப் பயணி ஒருவர் உயிரிழந்தார். யானைக்கு நம் அவசரம் தெரியாது.

எனவே, உங்கள் பிள்ளையை அழைக்கும் குழுவிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வனத்துறையின் அனுமதிச் சீட்டு உண்டா? தலைவர் யார், கடைசியில் வருபவர் யார்? எந்தப் பருவத்தில் செல்கிறீர்கள்? ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் யார் அவரோடு திரும்புவார்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால் துஆ செய்து அனுப்பிவையுங்கள். விடையில் மழுப்பல் இருந்தால், பிள்ளை அழுதாலும் அனுப்ப வேண்டாம்.

ஆயத்தங்கள் சில

ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் கோடை மழை பெய்து மலை பசுமை கொள்ளும்; நடைக்கு ஏற்ற காலம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாறை வழுக்கும், அட்டைகள் ஏறும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் பொட்டலம், பிடிப்புள்ள காலணி, விசில், சிறு மருந்துப்பை ஆகியவை இன்றியமையாதவை. புளிச்சோறு, தயிர்ச்சோறு, சப்பாத்தி ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு போனால் ஹலால் பற்றிய ஐயமும் எழாது, எல்லோரோடும் பகிர்ந்தும் உண்ணலாம். எச்சில் இலையையும் காகிதத்தையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

நம்மவர்கள் குறிப்பாக நினைவிற்கொள்ள வேண்டியது அத்தர். பயணமென்றால் அத்தர் பூசிக்கொள்வது நம் வழக்கம். காட்டில் அது வேண்டாம். தேனீக்களும் விலங்குகளும் வாசனையை வெகு தூரத்திலேயே உணரும். பளிச்சிடும் வெள்ளை உடையையும் தவிர்த்து மங்கிய பச்சை, பழுப்பு நிறங்களை உடுத்துங்கள். பெண் பிள்ளைகளுக்கு இந்த இன்பத்தை மறுத்துவிடாதீர்கள். தந்தை, சகோதரர் போன்ற மஹ்ரமான உறவினரோடு குடும்பமாகச் செல்லுங்கள். தளர்ந்த சல்வாரும் இறுகக் கட்டிய தலைத்துணியும் மலைநடைக்கு இடைஞ்சல் செய்வதில்லை. கோவையிலிருந்து டாப்ஸ்லிப் வரையிலான தூரம் பயணத் தொழுகைக்குரிய எல்லையை ஒட்டி அமைவதால், கஸ்ர் பற்றி ஹனஃபிகளும் ஷாஃபிகளும் தத்தம் இமாமிடம் முன்னரே கேட்டுத் தெளிந்துகொள்வது நன்று.

மலையிறங்கிய பின்

மலையேற்றக் குழுக்களுக்கு இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. புறப்படும் முன் ஒருநாள் கூடுவார்கள். திரும்பிய பின்னும் ஒருநாள் கூடுவார்கள். எடுத்த படங்களைப் பகிர்வார்கள், நேர்ந்த குறைகளைப் பேசித் திருத்துவார்கள், அடுத்த பயணத்துக்குத் திட்டமிடுவார்கள். எங்கள் குழுவும் அவ்வாறு ஒரு மாலையில் கூடியது. கவுண்டர் ஐயா தம் பேரனையும் அழைத்து வந்திருந்தார். நம் வீடொன்றிலிருந்து சுண்டலும் தேநீரும் வந்தன. மத்ரஸா மாணவர்களும் அந்தப் பேரனும் இருவாச்சியின் ஒலியை வாயால் எழுப்பிக்காட்டிப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1997ஆம் ஆண்டின் இறுதியிலும் 1998 பிப்ரவரியிலும் இந்நகரம் கண்ட இரத்தத்தையும் கண்ணீரையும் நாம் மறந்துவிடவில்லை. எல்லாத் தரப்பிலும் இழப்பு. அதன் பின் ஒருவர் தெருவுக்கு மற்றவர் வருவது குறைந்தது. நம் பிள்ளைகள் நம் தெருவுக்குள்ளேயே பிறந்து, படித்து, தொழில் செய்து, அங்கேயே வளர்கிறார்கள். மற்றவர் பிள்ளைகளும் அப்படியே. ஒருவரையொருவர் செய்தித்தாளின் வழியாக மட்டுமே அறிந்துகொள்ளும் இரு தலைமுறைகள் உருவாகிவிட்டன. மேடையில் நின்று நல்லிணக்கம் பேசுவது எளிது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது நீட்டப்படும் கையைப் பற்றிக்கொண்ட பிள்ளைக்கு அந்தப் பேச்சு தேவைப்படாது. “யாரோடு போகிறானோ” என்னும் உங்கள் இரண்டாவது கவலைக்கு நான் சொல்லக்கூடிய விடை இதுவே: தொழுகையைப் பேணும் நண்பர் சிலரோடு அனுப்புங்கள்; அந்தச் சிலர் மற்றவர்களோடு கலந்து நடக்கட்டும்.

இறுதியாக, நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். 1909 ஆகஸ்டில் ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்னும் பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களை நெடுநடைப் பயணம் அழைத்துச் சென்றார். வழியில் கடும் இடிமழை. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டடங்களையெல்லாம் நடந்து வரும் பிள்ளைகளுக்குத் தங்குமிடமாக்கினால் என்ன என்று அன்றிரவு அவர் சிந்தித்தார். 1912இல் ஆல்டெனா என்னும் ஊரின் கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி உருவாயிற்று. அச்சிந்தனை உலகெங்கும் பரவி, 1949இல் இந்திய இளைஞர் விடுதிகள் சங்கமாக நம் நாட்டிலும் அமைந்தது. அதன் கோடைக்கால இமயமலை முகாம்களில் எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் கலந்துகொள்ள முடிகிறது.

பொள்ளாச்சியிலும் ஆனைமலையிலும் வால்பாறையிலும் பள்ளிவாசல்கள் உள்ளன. விடுமுறை நாட்களில் நம் மத்ரஸாக் கூடங்கள் பல வெறுமையாகவே கிடக்கின்றன. ஒரு ஜமாஅத் தன் கூடத்தை ஓர் இரவுக்குத் திறந்துவிட்டால், பணமில்லாத வீட்டுப் பிள்ளையும் பாய் விரித்துப் படுத்து, ஃபஜ்ரை ஜமாஅத்தோடு தொழுது, மலைக்குப் புறப்பட முடியும். அத்தோடு மாற்றுச் சமயத்து மாணவர்களுக்கும் அக்கூடத்தில் ஓரிடம் கொடுத்தால், அவர்கள் வீடு திரும்பி நம்மைப் பற்றிச் சொல்லும் செய்தி நூறு சுவரொட்டிகள் சொல்லாத செய்தியாக இருக்கும்.

அடுத்த கோடைக்கு இப்போதிருந்தே திட்டமிடுங்கள். உங்கள் மஹல்லாவில் பத்துப் பேரைச் சேர்த்து, ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுங்கள். அனுமதி பெறுங்கள். பயண துஆவை ஓதிப் புறப்படுங்கள். ஏறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம். காட்டின் அமைதி கலையாமல் அதை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு நடங்கள். நம் பிள்ளைகள் அனைவரும் நலமே சென்று நலமே திரும்ப வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.